ஒத்தப்படை அண்ணன்

சதுரங்கப் போட்டிக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகிவிட்டால் ஒருவர் ஜோடியில்லாமல் சும்மா இருக்க வேண்டிவரும். அவரோடு ஆட உட்காருகிறவர்தான் எங்கள் ஒத்தப்படை அண்ணன். தனிக்கட்டை. கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் ஞாயிறுதோறும் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நிற்பார்.

பாழாய்ப்போன தொற்று வந்ததும், ஹாலுக்குள் உபரியாக ஒரு ஈ காக்காகூட நுழையக்கூடாது என்றாகிவிட்டது. அண்ணனை வாசலில் நிறுத்தினோம். முகக்கவசத்தோடு நின்று, வருகிறவர்களின் நெற்றியில் கருவியை நீட்டிச் சூடு பார்த்து உள்ளே அனுப்பினார். வாராவாரம் இரட்டைப்படையாகவே வந்து தொலைத்தார்கள்.

ஒரு ஞாயிறு ஒருவர் வரவில்லை. நடுவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, சீக்கிரம் வாங்க! ஒரு பாப்பா தனியா உக்காந்திருக்கு."

அண்ணன் அவசரமாகத் தலையைக் கோதிக்கொண்டார். நுழைகிற எல்லோருக்கும் பார்ப்பதுபோலத் தன் நெற்றிக்கும் கருவியைக் காட்டினார். காய்ச்சல். துடைத்துவிட்டு மறுபடி காட்டினார். காய்ச்சலேதான்.

"எனக்கே இருக்குப்பா. நான் கெளம்புறேன்."

கருவியை நாற்காலியில் வைத்துவிட்டு நடந்தார்.

உள்ளே அந்தச் சிறுமி முதல் காயை நகர்த்தி, ஆட்டக் கடிகாரத்தை அழுத்தி எதிராளியின் நேரத்தை ஓடவிட்டிருந்தாள். வீட்டில் எதிர்பார்க்க நாதியில்லாத மனிதருக்காக இங்கே அது ஓடிக்கொண்டிருந்தது.