பேர் இல்லாத கட்டுரை

இன்னைக்கு என் முதல் ஆய்வுக் கட்டுரையை ஒரு சஞ்சிகைக்கு அனுப்பிட்டேன்.

நமுனுகுல பக்கம் சிக்னல் படுத்துற பாட்டுல, பஸ் ஏறி பதுளைக்கு வந்து, டைப் அடிச்சு மெயில் அனுப்பித் தர்ற கம்யூனிகேஷன் கடையிலதான் அனுப்பினேன்.

கடைக்கார நானா, உதவியா இருக்கட்டும்னு முதல் பக்கத்துல என் பேர், நான் இருக்கிற தேயிலைத் தோட்டம், ஃபோன் நம்பர் எல்லாம் அடிச்சு வச்சிருந்தார். வேலை விண்ணப்பம் அடிச்சே பழகின கை.

"ஐயோ நானா, எடுத்துருங்க. யார் எழுதினதுன்னு, வாசிச்சுப் போடலாமான்னு முடிவு சொல்றவங்களுக்குத் தெரியக் கூடாது."

"வாசிக்கிறது யாரு?"

"அதை எனக்கும் சொல்ல மாட்டாங்க."

அழிச்சுக்கிட்டே போனவர், கடைசிப் பக்கத்துல நிப்பாட்டினார்.

"இதுல உங்கம்மா பேரைப் போட்டு நன்றி சொல்லியிருக்கீங்களே மிஸ்?"

மலையில கொழுந்து எடுக்கிற அம்மா சொன்னதுதான் கட்டுரையில பாதி.

"அதையும் எடுத்துருங்க."

அனுப்புறதுக்கு முன்னால சஞ்சிகையோட படிவத்துல ஒரு கேள்வி வந்துச்சு: 'சக ஆய்வாளர் எவரேனும் இதை வாசித்துக் கருத்துச் சொன்னார்களா?'

ரெண்டு வருஷமா எழுதினேன். காட்டக் கூடாதுன்னு இல்ல, காட்ட ஆளில்ல.

நானாவைத் திரும்பிப் பார்த்தேன். "நீங்க ஏதாவது வாசிச்சீங்களா?"

"பேரைத்தான் மிஸ் வாசிச்சேன். அதையும் அழிக்கச் சொல்லிட்டீங்களே."

'இல்லை'ன்னு போட்டு அனுப்பிட்டேன்.

ஊவா பக்கம் இப்படித் தனியா உக்காந்து கட்டுரை எழுதுறவங்க வேற யாரும் இருக்கீங்களா? உங்களோடதை நான் வாசிக்கிறேன், என்னோடதை நீங்க வாசிங்க.

தயவுசெஞ்சு பேரோட வாங்க.