அவன் அரைவாசி சொன்ன கணக்கு

கடுகண்ணாவைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தபோது, மருந்தறையைப் பார்த்துக்கொண்டவன் என் பள்ளித் தோழன். யாழ்ப்பாணத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்து படித்தவர்கள் நாங்கள்.

கோப்பிப் பழத்தோலைக் கொட்டுகிற ஆழமான குழி ஒன்று அங்கே இருந்தது. மழைக்குப் பிறகு தோல் புளித்துப் பொங்கும். கயிற்றில் விளக்கை இறக்கினால் பாதியிலேயே அணைந்துவிடும். அது கரியமில வாயு என்று இருவருக்கும் தெரியும். தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் காற்றமுக்கம் அளக்கும் பாரமானியை இரவல் வாங்கி, ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அதன் அடர்த்தியைக் கணித்தோம். அமுக்கத்தை மூலக்கூற்று எடையால் பெருக்கி, வெப்பநிலையாலும் வாயு மாறிலியாலும் வகுக்க வேண்டும். கடற்கரையில் முப்பது அங்குலம் நிற்கும் பாதரசம் எங்கள் மலையில் இருபத்தேழுதான். ஆகவே கொழும்பில் இருப்பதைவிட வாயு இங்கே இலேசு. ஆனால் காற்றும் அதே அளவு இலேசாகிவிடுகிறது. எங்கே அளந்தாலும் அந்த வாயு காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனம். குழியை விட்டு எழும்பாது.

விளக்கு அணையாமல் எரிந்தால் மட்டுமே ஆளை இறக்கலாம் என்று துரைக்கு எழுதினேன். தோழன்தான் கடிதத்தைக் கொண்டுபோனான்.

அடுத்த மாதம், விழுந்த வாளியை எடுக்க இறங்கிய தொழிலாளி ஒருவர் மேலே வரவேயில்லை.

கண்டியில் விசாரணை. கடிதம் எதுவும் வரவில்லை என்றார் துரை. பிறகு என் தோழன் எழுந்து, மலையில் அந்த வாயு இலேசு, கணக்கிட்டே பார்த்தோம், இறந்தவர் செத்தது நெஞ்சு வருத்தம் என்ற இதய நோயால் என்று இங்கிலீசில் சொன்னான். நான் எழுந்தேன். உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே அவனை மறித்தேன். "கடிதத்தைக் குடுத்தனியோ?"

"குடுத்தனான். என்ரை முன்னாலையே கிழிச்சவர்."

"அதை ஏன் சொல்லேல்லை?"

"நான் பொய் சொல்லேல்லை. கணக்கிலை அரைவாசியைத்தான் சொன்னன்."

அவன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

அன்று பின்னேரம் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் போய், இறந்தவரின் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"தெரிஞ்ச நீங்க ரெண்டு பேரும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேங்க ஐயா?"

துரைக்கு எழுதியதோடு என் கடமை முடிந்ததென்று இருந்தவன் நான்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு வரிசையாக நின்ற அத்தனை பேரிடமும் குழியைப் பற்றிச் சொன்னேன். மத்தியானமே துரை என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். பெட்டியோடு இறங்கியபோது மருந்தறை வாசலில் அவன் நின்றான். "போட்டு வாறன்" என்று விடைபெறும் சொல் எனக்கு வாயில் வரவில்லை.