வலைக்கு இரண்டு, ஆளுக்கு எத்தனை?

வலது தோள் கழன்று துடுப்புப் போட முடியாமல் போனபோது பூவராகவனுக்கு நாற்பத்திரண்டு வயது. கடலுக்குப் போக முடியாதவரைக் கடலைப் பற்றி முடிவெடுக்க வைப்பது மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு இயல்பாகவே தோன்றியது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்தக் குப்பத்தில், விடியுமுன் மணலில் நின்று பார்த்து, அலை மூன்று வரிசையில் உடைந்தால் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். ஐந்து வருஷத்தில் ஆள் கிழடு தட்டிப்போனார்.

ஏற்றினால், "இன்னா அண்ணாத்த, குளத்துல அலை அடிக்கிதா?" என்பார்கள். ஏற்றாமல் விட்டு ஒரு வலை கிழிந்தால், "கண்ணு அவிஞ்சா பூடுச்சி?" என்பார்கள். இரண்டையும் கேட்பவர்கள் அதே ஆட்கள்தான்.

1974இல் சங்கத்துக்கு அரசாங்கத்து நைலான் வலைகள் பன்னிரண்டு வந்தன. பின்னாலேயே செங்கல்பட்டு மீன்துறை ஆபீசிலிருந்து ஜானகிராமன் என்ற அதிகாரியும் வந்தார். எவ்வளவு ஆபத்துக்குச் சங்கம் துணியும், எவ்வளவு சேதம் தாங்கும் என்று தீர்மானம் எழுதி வைக்கச் சொன்னார். இனி ஏச்செல்லாம் தீர்மானத்துக்குத்தான் என்று பூவராகவனுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது.

கூட்டம் கூடியது. தலைவர் தணிகைவேல் பத்து வருஷமாகக் கடலில் கால் நனைக்காதவர். "எந்தக் கடலுக்கும் அஞ்சமாட்டோம்னு எழுது சார்" என்றார். ஏகமனதாக நிறைவேறியது. "வலையில ஒரு கண்ணு கூட அறக்கூடாது, அதையும் எழுது." அதுவும் ஏகமனதாக நிறைவேறியது. இரண்டும் ஒன்றாக நடக்காது என்று ஜானகிராமன் விளக்கி முடிக்க மத்தியானம் ஆயிற்று. கடைசியில், வருஷத்துக்கு இரண்டு வலை வரை சேதமாகலாம், கொடி பறக்கும்போது சங்கச் சாமான் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று முடிந்தது.

ஐப்பசியில் ஒருநாள் மூன்று வரிசையும் வெள்ளையாக உடைந்தன. பூவராகவன் கொடி ஏற்றினார். குப்பம் தீர்மானத்தை மதித்தது. நைலான் வலைகளைக் கொட்டகையில் பத்திரமாக அடுக்கிவிட்டு, வீட்டிலிருந்த பழைய நூல் வலைகளை ஏற்றிக்கொண்டு அவரவர் கட்டுமரத்தில் கிளம்பினார்கள். முதலில் இறங்கியவன் அவருடைய தம்பி முனிசாமி.

"கொடி வலைக்குத்தான அண்ணே? எனக்கில்லியே!"

இரண்டாம் வரிசையில் அவன் மரம் குப்புறக் கவிழ்ந்தது. விலா எலும்பு ஒன்று உடைந்து, தவழ்ந்து கரையேறினான். அந்த மாதப் பதிவேட்டில், 'சேதம்: இல்லை.'

அடுத்த கூட்டத்தில் பூவராகவன் எழுந்தார். "வலைக்கு ரெண்டுன்னு எழுதிக்கீது. ஆளுக்கு எத்தனை?"

"அபசகுனமா பேசாதய்யா" என்றார் தணிகைவேல்.

"ஒண்ணுன்னு போடலாமா?"

"எவன் வூட்டு ஒண்ணு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பூஜ்யம் என்று எழுதினால் யாருமே கடலுக்குப் போக முடியாது. ஆகவே அந்த இடத்தைக் காலியாக விட்டு, டீ குடித்துக் கலைந்தார்கள்.

பூவராகவன் அலுப்போடு கரையில் நடந்தார். கரையேறியதும் கட்டுமரத்தை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட்டு, மறுநாள் காலையில் திரும்பக் கட்டுவது வழக்கம். அவிழ்த்துப் போட்ட மரங்களின் மேல் கயிறுகள் சுருண்டு கிடந்தன. எல்லாம் வலைகளோடு வந்த நைலான் கயிறு. பழைய நார்க்கயிற்றை, இனி எதுக்கு என்று, வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்திருந்தார்கள்.

அடுத்தமுறை அலை மூன்றாக உடைந்த காலையில் அவர் கொடி ஏற்றினார். பிறகு, ஆட்கள் வருமுன் கயிறுகளையெல்லாம் இடது கையால் பொறுக்கிக் கொட்டகையில் போட்டு, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். "கயிறு சங்கச் சாமான்" என்றார்.

தணிகைவேலால் மறுக்க முடியவில்லை; தீர்மானம் அவர் கையெழுத்திட்டது. விலாவில் கட்டோடு துடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்த முனிசாமி கத்தினான்: "கயித்து மேல கீற அக்கறை கூடப் பொறந்தவன் மேல இல்லியே உனுக்கு!"

பத்து மணிக்குக் கடல் அடங்கித் தட்டையாகிவிட்டது. "கடல் தூங்குது, கொடி பறக்குது!" என்று குப்பமே சிரித்தது. போயிருந்தால் யாராவது செத்திருப்பார்களா, மாட்டார்களா என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த உத்தியோகத்தில் பேஜாரே அதுதான்.

முனிசாமியின் மனைவி சொர்ணம் தட்டில் சோறு கொண்டுவந்து வைத்தாள். "கொழம்புல மீன் இல்ல மாமா."

"அவன் வூட்லதான கீறான்?"

"கீறான்" என்றாள் சொர்ணம். "உன்னத் திட்டிக்கினே கீறான்."

பூவராகவன் கயிற்றிலிருந்து எழாமலே தட்டை இழுத்துக்கொண்டார்.