வலது முன்பக்கம்

1953 ஜனவரி. யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக்கு மாற்றம். பாடசாலை விடுதி வீட்டில் மனைவியுடன் குடியேற்றம்.

1955 மே. பிறக்கவிருந்த பேரக் குழந்தைக்காக வெள்ளைக் கம்பளி நூலில் சட்டை ஒன்றை மனைவி பின்னத் தொடங்கினார். முதுகுப் பகுதியும் இடது முன்பக்கமும் நிறைவுற்றன.

1955 ஜூன். மனைவி காய்ச்சலுற்றுச் சில நாட்களில் பதுளையில் காலமானார்.

1955 செப்டெம்பர். விடுதி வீடு, குடும்பத்துடன் வந்த வேறோர் ஆசிரியருக்கு ஒப்படைக்கப்பட்டது. பசறை வீதியில் வாடகை வீடு.

1955 ஒக்டோபர். கொழும்பில் மகளுக்கு ஆண் குழந்தை.

1955 டிசெம்பர். குழந்தையுடன் மகளின் வருகை.

இவற்றில் பிழை இல்லை. ஆனால் மே மாதத்துக்கும் ஜூன் மாதத்துக்கும் இடையே எழுதப்பட வேண்டிய ஒன்று எழுதப்படவில்லை. ஆறு ஆண்டுகளாக அதை நான் எவரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் கம்பளிக்கு வேலையில்லை. பதுளைக்கு வந்த முதல் மாதத்தில் என் மனைவி இரண்டு சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டு அடுப்படியிலேயே இருந்தார். அயலில் குடியிருந்த மருத்துவத் தாதி ஒருவர்தான் அவருக்குப் பின்னல் ஊசியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அடிப்படைகளைக் கற்ற பின் ஒரு தடை வந்தது. சட்டைகளுக்கான பின்னல் குறிப்புகள் ஆங்கில இதழ்களில் மட்டுமே கிடைத்தன. என் மனைவிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆகவே நான் வாசிப்பவன் ஆனேன்.

அக்குறிப்புகள் முழுவதும் சுருக்கெழுத்துகளால் ஆனவை. நான் அவற்றுக்குத் தமிழில் சொற்கள் ஏற்படுத்தினேன். முன்புறமாகக் கோக்கும் கண்ணிக்கு 'நேர்', பின்புறமாகக் கோப்பதற்கு 'மறு', இரு கண்ணிகளை ஒன்றாக்குவதற்குக் 'குறை'. மாலையில் விடைத்தாள்களை ஒதுக்கிவிட்டு, "நேர் இரண்டு, மறு இரண்டு, வரி முடியுமட்டும்" என்று சொல்வேன். அவர் அதை வாய்க்குள் திரும்பச் சொல்லியபடி பின்னுவார். எனக்கு ஒரு சுவெட்டர், மகளுக்கு ஒன்று, தாதியின் தாயாருக்கு ஒரு சால்வை எல்லாம் இவ்வாறே உருவாயின. என் பங்கு குரல் மட்டுமே. எனினும் அவை நாங்கள் இருவரும் செய்தவை என்றே கருதினேன். வந்தவர்களிடமும் அப்படித்தான் சொன்னேன்.

"இவருக்கு ஊசி ஒருக்காலும் குத்தேல்லை. ஆனாலும் பாதிச் சுவெட்டர் இவர் பின்னினதாம்" என்று அவர் வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு மழை மாலையில் விளையாட்டாக என் கையில் ஊசிகளைத் திணித்துச் சில வரிகள் பின்னவும் வைத்தார். என் கண்ணிகள் இறுக்கமாக இருந்தன. "வட்டியும் முதலுமா இழுக்கிறியளே, நூல் பாவமப்பா" என்றார்.

குழந்தைச் சட்டை முன்பக்கம் திறந்து பொத்தான் போடுவது. இடது முன்பக்கத்தை முடித்ததும் வலது பக்கத்துக்கான குறிப்பைக் கேட்டார். இதழில் அதற்கு ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. இடது பக்கத்துக்கு ஒத்ததாக வலது பக்கத்தையும் பின்னுக; குறைப்புகள் அனைத்தையும் பக்கம் மாற்றிச் செய்க. நான் முதற்பாதியை வாசித்து நிறுத்தினேன். மறுபாதி வெறும் விரிவு என்று எனக்குத் தோன்றியது.

"வலதும் அப்பிடியே பின்னச் சொல்லியிருக்கு" என்றேன்.

"அப்பிடியேயோ? மாத்திப் போடத் தேவையில்லையோ?"

"அச்சிலை இருக்கிறதைத்தானே வாசிக்கிறன். உமக்குச் சந்தேகமெண்டால் அந்த நேர்ஸம்மாவைக் கேளும்."

அவர் கேட்கவில்லை. பின்னினார். நான் கணித ஆசிரியன். கண்ணாடியில் உருவம் இடம்மாறித் தோன்றுவதை வகுப்பில் ஆண்டுதோறும் விளக்கி வந்தவன். ஒரே மாதிரியான இரண்டு இடது பக்கங்களைக் கொண்டு ஒரு சட்டையைப் பொருத்த முடியாது. கழுத்துக்கு வர வேண்டிய வளைவு அக்குளுக்குப் போய்விடும். புரட்டிப் போட்டாலோ துணியின் உட்புறம் வெளியே தெரியும்.

சில நாட்கள் கழித்து அவர் மடியில் ஊசி இல்லாததைக் கவனித்தேன்.

"என்ன, சட்டை முடிஞ்சுதோ?"

"கண்ணி ஒண்டு நழுவிட்டுது. கொஞ்சம் கிடக்கட்டும், பிறகு பாப்பம்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் விடைத்தாள்களுக்குத் திரும்பினேன். அதற்கடுத்த வாரம் காய்ச்சல் வந்தது.

பசறை வீதி வீட்டில் பெட்டிகள் நெடுநாள் பிரிக்கப்படாமலே கிடந்தன. சுவரில் ஈரம் கசிந்தது. எந்த அறையில் எதை வைப்பது என்று தீர்மானிக்க வேண்டியவர் இல்லை. மகளிடமிருந்து கடிதம் வந்தது. டிசெம்பரில் வருகிறேன், அம்மா தொடங்கிய சட்டையை எடுத்து வையுங்கள், எந்த நிலையில் இருந்தாலும் பிள்ளைக்கு அதைத்தான் போட வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

நான் தகரப் பெட்டியைத் திறந்தேன். முதுகுப் பகுதி இருந்தது. இடது முன்பக்கம் இருந்தது. அடியில் ஒரு பெரிய நூற்பந்து. சட்டையை நானே முடிப்பது என்று முடிவு செய்தேன். நூலின் நுனியை இழுத்தேன். நூல் நேராக வரவில்லை. நெளிநெளியாக, பின்னலை அவிழ்த்த பெண்ணின் கூந்தல்போல வந்தது.

புது நூல் அவ்வாறு இராது. ஒருமுறை பின்னி, சில நாள் கிடந்து, பிறகு அவிழ்க்கப்பட்ட நூலே அந்த நெளிவைக் கொள்ளும். இழுக்க இழுக்க நெளிவு தொடர்ந்தது. ஒரு முழு முன்பக்கத்தின் அளவு நூல். இதழை எடுத்து அந்த வாக்கியத்தை இறுதிவரை வாசித்தேன். அன்று நான் அதை முழுமையாக வாசித்திருந்தால் வலது பக்கமும் அவர் கையாலேயே மே மாதத்தில் முடிந்திருக்கும்.

வலது பக்கத்தை அவிழ்த்ததை என்னிடம் அவர் ஏன் சொல்லவில்லை என்பதற்கு நான் பல காரணங்கள் யோசித்திருக்கிறேன். என்னைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை என்பது எனக்குச் சாதகமான காரணம். சொன்னாலும் நான் வாதாடியிருப்பேன் என்பது மற்றொன்று.

பின்னத் தொடங்கினேன். காலையில் அருகிலிருந்த தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து சமையலுக்கு ஒரு பெண் வருவார். முதல்நாள் அவர் கதவருகே நின்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"என்னாங்க ஐயா இது! எங்க ஊட்டுக்காரரு பாத்தாருன்னா லயம் பூரா சொல்லிருவாரு. வாத்தியாரு ஐயா ஸ்வெட்டரு போடுறாருன்னு."

"சொல்லட்டும்."

"சொன்னா நாளைக்கே பத்துப் பேரு அளவு குடுக்க வந்துருவாங்க. பெறகு பள்ளிக்கூடத்துக்கு யாரு போறது?" என்று சிரித்தபடி தேங்காய் துருவப் போனார்.

நான் சொல்லவே வெட்கப்படும் ஒன்று உண்டு. அந்த வாரங்களில் நான் துன்புறவில்லை. மழை பெய்தது, மடியில் கம்பளி கதகதப்பாக இருந்தது, "நேர், மறு, குறை" என்று எனக்கே நான் வாசித்துக்கொண்டேன். மனைவியின் நாற்காலியை வெளிச்சத்துக்காகச் சன்னலருகே நகர்த்தினேன். பிறகு மேசை அதன் பக்கம் வந்தது, விளக்கு வந்தது, புத்தக அலுமாரி எதிரே நின்றது. அவ்வீடு அவ்வாறுதான் வீடாயிற்று. அவர் இறந்து ஆறு மாதம் நிறையவில்லை. நான் பசியோடு உண்டேன், நன்றாக உறங்கினேன்.

என் கையின் இறுக்கம் மாறவில்லை. அதே எண்ணிக்கையில் கண்ணிகளைப் போட்டும் என் பக்கம் அவருடையதைவிட ஒரு விரல் குறுகியது. அவிழ்த்தேன், திரும்பப் போட்டேன், மீண்டும் குறுகியது. நூல் மேலும் நெளிந்ததே மிச்சம். இறுதியில் ஈரத்துணியைப் போட்டு இழுத்து ஊசி குத்திக் காயவைத்து, பக்கங்களைச் சேர்த்துத் தைத்தேன். கைகளைப் பின்ன நாள் போதவில்லை. கையில்லாத சட்டையாகவே அது நின்றது.

மகள் வந்த மாலையில் அதை எடுத்துக் கொடுத்தேன். விரித்துப் பார்த்த உடனேயே அவள் கண்டுகொண்டாள்.

"அப்பா, இந்தப் பக்கம் அம்மா இல்லை. ஆர் பின்னினது?"

"நான்தான்."

"நீங்களோ! பொய் சொல்லாதேங்கோ." பிறகு சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்; அழுதபடியே சிரித்தாள். "பாத்தாலே தெரியுது, சோதனைத்தாள் திருத்தின மாதிரி இறுக்கம்."

அடுத்த நாட்களில் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அவள் அதைக் காட்டினாள். மனைவி விட்டுச்சென்றதைக் கணவர் தம் கையால் முடித்துவைத்தார் என்று பாடசாலையில் பேசினார்கள். ஆசிரியை ஒருவர் கண்கலங்கினார். நான் தலைகுனிந்து நின்றேன். அதை அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கொழும்புக்குத் திரும்புவதற்கு முதல்நாள், குழந்தைக்குப் பொத்தான்களைப் போட்டபடி மகள் கேட்டாள்.

"இடது பக்கத்தை அவ்வளவு கெதியா முடிச்ச அம்மா, வலதை ஏன் தொடங்கவே இல்லை?"

சொல்வதற்கு அதைவிடப் பொருத்தமான தருணம் இனி வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"அம்மா களைப்பாய் இருந்தா" என்றேன்.

அவள் கை நின்றது. "அப்ப காய்ச்சலுக்கு முந்தியே சுகமில்லாமல் இருந்திருக்கிறா. நான் அது தெரியாமல், சட்டை முடிஞ்சுதோ முடிஞ்சுதோ எண்டு கிழமைக்கொரு கடிதம் போட்டுக் கரைச்சல் குடுத்தனே அப்பா."

"அப்பிடி ஒண்டுமில்லை, பிள்ளை."

"நீங்கள் எனக்காகச் சொல்லுறியள்" என்றாள்.

குழந்தை காலை உதைத்தது. அவள் கடைசிப் பொத்தானைப் போட்டாள். நான் எழுந்து, மறுநாள் ரயிலுக்கு வண்டி சொல்ல வெளியே போனேன்.

அதன் பின் ஒவ்வொரு ஆண்டுத் திவசத்துக்கும் அவள் வருகிறாள். ஒவ்வொரு முறையும் எப்பொழுதாவது, வேறு ஏதோ பேச்சின் நடுவில், "அந்தக் கடிதங்களை நான் போட்டிருக்கக் கூடாது" என்கிறாள். நான் பேச்சை மாற்றுகிறேன். மாற்றுவதில் தேர்ந்துவிட்டேன்.

செய்யாமல் கிடப்பவை:

சட்டையின் இரு கைகள். குழந்தை இப்போது பாடசாலைக்குப் போகிறான், இனித் தேவையில்லை.

மிஞ்சிய நூலை நனைத்து, பாரம் கட்டித் தொங்கவிட்டு நெளிவெடுத்தல்.

தாதியின் வீட்டுக்குப் போய், அந்த மே மாதத்தில் என் மனைவி தன்னிடம் ஏதும் கேட்டாரா என்று விசாரித்தல்.

அம்மா களைத்திருக்கவில்லை என்று மகளுக்குச் சொல்லுதல்.