கடிதம் சேராத விலாசம்

நிலக்ஷிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. ஹட்டனில் எங்கள் வாப்பாவின் துணிக்கடை மாடியில் ஆங்கில வகுப்பு எடுக்கிறாள். இரண்டு மணி நேரமும் நடந்துகொண்டேதான் படிப்பிப்பாள். கீழே கல்லாவில் இருக்கும் எனக்குத் தலை வெடிக்கும்.

அன்றைக்குப் பயணச் சொற்கள்.

"கொழும்புக்குப் போயி வேலைய முடிச்சிட்டுத் திரும்புனா ட்ரிப். போற வழியும் படுற பாடும் ஜேர்னி. கடல் தாண்டித் தூரமாப் போனா வோயேஜ்."

"நம்ம ஆளுங்க இந்தியாவுலேர்ந்து வந்தது என்ன டீச்சர்?" என்று திலக்ஷன் கேட்டான்.

"கடல்ல வந்தது வோயேஜ். காட்டு வழியா இந்த மலைக்கு நடந்தது ஜேர்னி. ட்ரிப்புன்னு மட்டும் சொல்லிறாத, திரும்பிப் போகலையே!"

மாடியே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்டியில் ஹோட்டல் வேலைக்குப் பயிற்சி தரும் நிறுவனம் ஒன்றுக்கு ஆங்கில ஆசிரியை தேவைப்பட்டது. நிலக்ஷி உயிரைக் கொடுத்து விண்ணப்பித்தாள். படிவத்தில் அட்ரஸ் ஒரு கட்டம், ரெசிடன்ஸ் ஒரு கட்டம். முதலாவது கடிதம் வந்து சேரும் இடம், இரண்டாவது நாம் படுத்து எழும்பும் இடம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள், இரண்டிலும் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான தன் லயத்தையே எழுதினாள்.

"கடை விலாசத்தப் போடு புள்ள" என்றேன்.

"ஏன், எங்க லயத்துக்கு ஒரு கடுதாசி வரக் கூடாதா?" என்று சண்டைக்கு வந்தாள்.

பிடிவாதக்காரி! தபால்காரர் லயத்துக்கு வருவதே இல்லை. கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போகும்; காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ஐந்து வாரம் ஆபீஸ் வாசலுக்கு நடந்தாள். வாசல் காவற்காரர் உள்ளே கேட்காமலே இல்லை, இல்லை என்று திருப்பி அனுப்பினார். வகுப்பில் அவள் நடை இரட்டிப்பானது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குப் போன் அடித்தாள்.

"முனீரா, இன்னைக்குப் பத்து மணிக்குக் கண்டியில இண்டர்வியூ! கடுதாசி இப்பத்தான் கெடைச்சிச்சு!"

கடிதம் வந்து பதினெட்டு நாளாகியிருந்தது. கிளார்க் தொழிலாளர் பேர்ப் பட்டியலில் நிலக்ஷியைத் தேடியிருக்கிறார். அவள் கொழுந்து பறிப்பவள் இல்லையே, பேர் எப்படி இருக்கும்? அப்படி ஆளே இல்லை என்று மேசை லாச்சியில் போட்டு மூடிவிட்டார். அன்று காலை லாச்சியைத் துப்பரவு செய்தவர், பெரட்டில் "யாரு இந்த நிலக்ஷி?" என்று கேட்க, அவள் அம்மா காளியாயி கூடையைப் போட்டுவிட்டு ஓடி வாங்கியிருக்கிறாள். அந்தக் கிளார்க் என் கையில் அகப்பட்டிருக்க வேண்டும்!

அவள் ஹட்டனுக்கு வந்து சேர்ந்ததும், கடையை வாப்பாவிடம் விட்டுவிட்டு நானும் அவளோடு கண்டி பஸ் ஏறினேன். கினிகத்தேனையில் பஸ் ஆள் ஏற்ற நின்றதும் நிலக்ஷி எழும்பி நின்றாள். நாவலப்பிட்டியில் நின்றதும் அழுதாள். "போச்சு, எல்லாம் போச்சு" என்று என் கையை நெரித்தாள்.

பத்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் இருந்தவர் முடிந்துவிட்டது என்றார். நிலக்ஷி கடித உறையைக் காட்டிச் சிங்களத்தில் மன்றாடினாள். நான் கத்தினேன். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்து அவளை மட்டும் கூட்டிப்போனார்.

அரை மணி நேரம். கதவு திறந்தபோது அந்த அம்மா புன்சிரிப்போடு ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது: "முடிவை வெள்ளிக்கிழமை உங்கள் விலாசத்துக்கு அனுப்புகிறோம்."

நிலக்ஷி இரண்டு கையையும் ஆட்டி மறுத்தாள்.

"அனுப்ப வேண்டாம் மேடம். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்."

பகிடி என்று நினைத்து அந்த அம்மா சிரித்தார். வெள்ளிக்கிழமை அவர்கள் கதவைத் திறக்குமுன் நிலக்ஷி அந்த வாசலில் நின்றாள்.