கனடா வளவில் ஊதிய விசில்

கிணற்றடியில் கிடந்த ஒற்றைச் சப்பாத்தைப் பார்த்ததும், பிள்ளை உள்ளேதான் விழுந்துவிட்டாள் என்று நம்பினேன். சின்ன வெள்ளைச் சப்பாத்து, நுனியில் காய்ந்த சேறு. விளையாட முன் சப்பாத்துகளைக் கழற்றி அந்தக் கிணற்றடி மர நிழலில் வைக்கும்படி பிள்ளைகளுக்குச் சொன்னவனே நான்தான். அது அப்போது நினைவுக்கு வரவில்லை. அதன் சோடி இரண்டடி தள்ளிப் புல்லுக்குள் கவிழ்ந்து கிடந்ததும் கண்ணில் படவில்லை. பயம் வந்தால் என்னிடமிருந்து முதலில் கழன்று விழுவது மூளைதான்.

அது தீவுப்பகுதியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம்; அதிபருக்கு வாசிக்கிற பழக்கம் உண்டு. முற்றத்தில் இடம் காணாது என்று பக்கத்து வளவில் விளையாட விட்டோம். சொந்தக்காரர் கனடாவில், ஆதலால் அது கனடா வளவு. உள்ளே கூரை போன வீடு, பாதி இடிந்த மதில், கட்டு இல்லாத கிணறு. கிணற்றைத் தகரம் போட்டு மூடி, மேலே கல்லும் ஏற்றியிருந்தோம்.

விளையாட்டு ரீச்சர் தினமும் பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வந்த முதல் வாரமே ஓட்டப்போட்டி, கயிறிழுத்தலையெல்லாம் நிறுத்திவிட்டு, நாலு சாக்குகளைப் பத்தொன்பது பிள்ளைகளிடம் கொடுத்தார். நிலம் கடல், சாக்கு வள்ளம். சாக்கைப் பின்னாலிருந்து முன்னுக்குக் கை மாற்றி மாற்றி எல்லோரும் அக்கரை சேர வேண்டும். கால் நிலத்தில் பட்டவர் தூரத்தில் விரித்த ஐந்தாவது சாக்கில் போய் நிற்பார்; மற்ற எல்லோரும் சாக்கு போட்டு வந்து கூட்டிப்போகும்வரை அவர் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வள்ளத்தை விட்டால் வேறு வழியில்லாத இடம் என்பதால், அந்தச் சாக்குக்குப் பிள்ளைகள் எழுவைதீவு என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு நாளும் அதை இன்னும் கொஞ்சம் தள்ளி விரிப்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோசம்.

வெல்லுகிறவர் இல்லாத விளையாட்டில் பரிசை யாருக்குக் கொடுப்பது என்று நான் ரீச்சரைச் சீண்டினேன்.

"ஒருத்தரையும் விட்டுட்டுப் போகேலாது, சேர். அவ்வளவுதான் விளையாட்டு," என்றார்.

அன்று அதிபர் ஏதோ படிவம் நிரப்ப ரீச்சரைக் கூப்பிட, அவர் விசிலை என்னிடம் தந்துவிட்டுப் போனார். சோளகக் காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. தேத்தண்ணி ஆறிவிடும் என்ற கவலையில் ஐந்து நிமிடம் முந்தியே விசிலை ஊதினேன். பிள்ளைகள் சப்பாத்துகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய் வகுப்பில் எண்ணினேன். பதினெட்டு. திரும்ப எண்ணினேன். பதினெட்டுத்தான். இரண்டாம் வகுப்புச் சின்னவளைக் காணவில்லை. எங்கே என்று நான் போட்ட சத்தத்தில் ஒரு பிள்ளை அழத் தொடங்க, மற்றவர்கள் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்கள்.

வளவுக்கு ஓடினேன். கல் சரிந்து, கிணற்றின் மேலிருந்த தகரம் காற்றில் ஒரு பக்கம் விலகியிருந்தது. பக்கத்தில் அந்தச் சப்பாத்து.

குதித்தேன் என்று எழுதினால் வீரமாக இருக்கும். எட்டிப் பார்த்தேன், சறுக்கினேன். நாலு பக்கமும் கடல் சூழ்ந்த ஊரில் பிறந்தும் எனக்கு நீந்தத் தெரியாது. செத்தேன் என்று கண்ணை மூடினால், தண்ணீர் இடுப்பளவு. எனக்கு இடுப்பளவு, அவளுக்கு? அந்தக் கணக்கு வந்ததும் பகிடியெல்லாம் வற்றிவிட்டது. பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு சேற்றைத் துழாவினேன். ஒன்றரை மணிக்குத் தாய் சைக்கிளோடு வாசலில் வந்து நிற்பார். என்ன சொல்வது? "அக்கா, ஒருக்கால் இருங்கோ" என்பதற்கு அப்பால் வாயில் எதுவும் வரவில்லை. அப்போது விரலில் துணி தட்டுப்பட்டது. நனைந்த, கனமான துணி. அதை இழுக்க என் கை மறுத்தது. இழுத்தேன். யாரோ எப்போதோ இடுப்பில் கட்டித் தவறவிட்ட பழைய சாரம்.

மேலே ரீச்சரின் தலை தெரிந்தது.

"சேர், அங்க என்ன செய்யிறியள்?"

"பிள்ளை... பிள்ளையைக் காணேல்லை ரீச்சர்."

அவர் கிணற்றுக்குள் தேடவில்லை. "விசில் ஊதேக்க எழுவைதீவில ஆர் நிண்டது?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அவர் மதிலுக்குப் பின்னால் ஓடினார். கல் இடுக்குகளில் கால் வைத்து, முழங்கையைத் தேய்த்துக்கொண்டு நானும் மேலே வந்து சேர்ந்தேன்.

சின்னவள் மதிலுக்கு அந்தப் பக்கம், அன்று அங்கே விரித்திருந்த ஐந்தாவது சாக்கின் மேல் நின்றாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்து மண் ஒட்டியிருந்தது. ரீச்சர் கையை நீட்டியும் அவள் நிலத்தில் கால் வைக்கவில்லை. விரலால் பள்ளிக்கூடத்தைக் காட்டினாள். ரீச்சர் போய்ப் பதினெட்டுப் பேரையும் கூட்டிவந்தார். அவர்கள் சாக்கு மாற்றி மாற்றி மெதுவாக வரும்வரை, நான் சேறு சொட்டச் சொட்ட அவளுக்கு முன்னால் நின்றேன். கடைசிச் சாக்கு அவள் காலடியில் விழுந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"நீங்கள் என்ரை பேரைச் சொல்லிக் கத்தினது கேட்டது, சேர்."

சப்பாத்தைக் கழற்றி வைத்த பிறகு அவள் கிணற்றடிப் பக்கமே போகவில்லை. நான் விசில் ஊதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்திலிருந்து, அரை மணித்தியாலம், அந்தச் சாக்கின் மேலேயே நின்றிருக்கிறாள். அவளை விட்டுவிட்டுப் போனது நான்.