எங்கள் பூனைக்கு ஹலால் முத்திரை

நேற்று எங்கள் பூனை ஹலால் ஆகிவிட்டது!

(பதறாதீர்கள், யாரும் அறுக்கவில்லை. நெற்றியில் ஸ்டிக்கர் மட்டும்தான்.)

உம்மா எங்கள் வவுனியா வீட்டுக் குசினியில் பிடிக்கும் எள்ளுருண்டையை டுபாய்க்கு அனுப்ப ஒரு கொழும்புக் கம்பெனி சம்மதித்திருந்தது. ஆனால் ஹலால் சான்றிதழ் கிடைத்தால்தான் ஓடர்.

உம்மா அதை நம்பி அயலில் இரண்டு பெண்களை வேலைக்கே வரச் சொல்லிவிட்டார்!

சான்றிதழ் தரும் சபை அச்சடித்த ஒரு சுருள் ஹலால் ஸ்டிக்கரையும் கம்பெனி முன்கூட்டியே அனுப்பிவைத்தது.

ஸ்டிக்கர் சுருளையும் என்னையும் ஒரே வீட்டில் விட்டது யார் பிழை?

அம்மி, உப்புப் போத்தல், காக்காவின் சைக்கிள் சீற்... (காக்கா என்றால் என் அண்ணன், பறவை இல்லை.) சபையிலிருந்து பரிசோதிக்கிற ஹஸரத், அதாவது மௌலவி, வரமுன் ஒட்டிய எல்லாவற்றையும் உரித்துவிட்டேன். பூனை மட்டும் அகப்படவில்லை.

ஹஸரத் வந்தார். வலு கண்டிப்பு!

"எள்ளு எங்கேந்து?"

"துணுக்காயில இருந்து ஹஸரத்," என்றார் உம்மா.

"கொண்டு வார லொறியில அதுக்கு முதல் என்ன ஏத்தின?"

உம்மா திணறினார். நான் பாய்ந்தேன். (படிவம் நிரப்பியது நான்தானே!)

"நெல்லு மட்டும்தான் ஹஸரத். லொறிக்காரர் கையெழுத்து வச்ச துண்டு இஞ்ச இருக்கு."

சரி, சரி என்று குறித்துக்கொண்டே போனார். கடைசிக் கேள்வி மட்டும் மிச்சம்.

"ஸ்டிக்கர் எங்க?"

"அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடக்கு. ஒரு குருவியும் தொடேலாது!" என்றார் உம்மா.

குருவி தொடவில்லைதான்.

அந்த நேரம் பார்த்துப் பூனை உள்ளே வந்தது.

ஹஸரத் கோப்பை மூடினார். உம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"மகள், இது யார்ட வேலை?"

"என்ர வேலைதான் ஹஸரத். அலுமாரிக்குப் பூட்டு இருக்கு, திறப்பு பூட்டிலயே தொங்குது."

இனி மறைக்க என்ன இருக்கிறது? விடவில்லை நான்.

"ஆனா ஒண்டு கேக்கட்டே? ஸ்டிக்கர்ல நம்பரே இல்லையே! எத்தினை வந்தது, எதில ஒட்டினது, ஆருக்குத் தெரியும்? நான் பூனையில ஒட்டினன். டுபாய் போற வழியில ஒருத்தன் பண்டி இறைச்சியில ஒட்டினா?"

(பூனை "மியாவ்" என்றது. ஆதரவு ஓட்டு.)

ஹஸரத் கோப்பைத் திரும்பத் திறந்தார்.

"உங்கட குசினியில குறையில்ல. குறை எங்கட ஸ்டிக்கர்லதான். நம்பர் போட்டு அனுப்பச் சொல்றேன், அது வந்ததும் ஓடர் போகும். ஆனா திறப்புக்கு ஒரு ஆள் பொறுப்பு நிக்கணும்."

எழுதினார். என் பெயரை!

"ஹஸரத்! கள்ளியிட்டயே திறப்பைக் குடுக்கிறீங்கள்?" உம்மா அலறினார்.

"அவவுக்குத்தானே எப்பிடி எடுக்கிறதெண்டு தெரியும்!"

இனி உம்மாவுக்கு ஒரு ஸ்டிக்கர் வேண்டுமென்றாலும் என்னிடம் கையெழுத்துப் போட வேண்டும்!

நண்பர்களே, ஓர் உதவி. மயிர் பிடுங்காமல் பூனையிலிருந்து ஸ்டிக்கர் கழற்றுவது எப்படி? (தேங்காயெண்ணெய் பூசியாயிற்று. நக்கிவிட்டது.)